8080 யாருடையது?

ஒரே சர்வரைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களில், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொடுக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று பிழை வந்தால் அந்த போர்ட்டைப் பிடித்திருக்கும் புராசஸைக் கண்டுபிடித்துக் கொல். அது முடியாவிட்டால் உன் புரோகிராமின் எண்ணை 8080-இலிருந்து 8081 ஆக்கு. அதுவும் சரிவராவிட்டால் சர்வரை ரீபூட் செய். எல்லாம் சேர்த்து ஒரு நிமிட வேலை. சீனியர்கள் இதை ஜூனியர்களுக்குச் சொல்கிறார்கள், ஜூனியர்கள் சீனியராகி அடுத்தவர்களுக்குச் சொல்கிறார்கள். யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ட் என்பது வெறும் எண். 16 பிட் இருப்பதால் 65,535 வரை எண்கள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. மோதல்களில் பலவும் நாமே விட்டுப்போன பழைய புராசஸால் வருகின்றன: டெர்மினலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் நோட் புரோகிராம், டீபக்கரில் பாதியில் நின்ற ஜாவா. அவற்றைக் கொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. வேலை நிற்கும்போது ஆராய்ச்சிக்கு நேரமும் இல்லை. கருவிகளே இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. 8888 கிடைக்காவிட்டால் ஜூபிட்டர் 8889-க்குப் போகிறது. 5173 கிடைக்காவிட்டால் வீட் 5174-க்கு நகர்கிறது. 3000-இல் ஏற்கெனவே ஏதோ ஓடுகிறது, வேறு எண்ணில் ஓடட்டுமா என்று கிரியேட் ரியாக்ட் ஆப் கேட்கிறது.

சொந்த லேப்டாப்பில் இந்த வாதம் முழுக்கச் சரி. அங்கே ஓடும் புராசஸ்கள் எல்லாம் உங்களுடையவை. எதைக் கொன்றாலும் நஷ்டம் உங்களுக்குத்தான், அதைத் தாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மேலே சொன்ன கருவிகள் மூன்றும் அப்படிப்பட்ட தனியாள் கணினியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பழகிய கையை அப்படியே பகிர்ந்த சர்வருக்குக் கொண்டுவருவதில்தான் தவறு நுழைகிறது. பகிர்ந்த சர்வரில் போர்ட் மோதல் என்பது உரிமைத் தகராறு. அதைக் கோளாறு என்று நினைத்துக் கையாள்வதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

1. எது பிழை? கெர்னல் மறுத்ததா, நாம் கேட்டதா?

லினக்ஸில் 98, விண்டோஸில் 10048 என்ற எண்ணோடு வரும் அந்தச் செய்தி, இயங்குதளம் தன் கடமையைச் செய்ததற்கான சான்று. ஒரு முகவரி, ஒரு போர்ட், ஒரு புரோட்டோகால்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டாவதாக வருபவரை உள்ளே விட்டால் வரும் இணைப்பு யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. மறுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு விண்டோஸின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அங்கே 'ரீயூஸ் அட்ரஸ்' என்ற சாக்கெட் விருப்பத்தைப் பயன்படுத்தி, ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டிலேயே இன்னொருவர் போய் உட்கார முடிந்தது. எந்த புரோகிராமுக்கு இணைப்பு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாமல் போனது. அதைத் தடுக்கத்தான் என்டி 4.0-இன் நான்காவது சர்வீஸ் பேக்கில் 'எக்ஸ்க்ளூசிவ் அட்ரஸ் யூஸ்' என்ற விருப்பத்தை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. காவலாகச் சேர்த்த ஒன்றை நாம் தடையாகப் பார்க்கிறோம்.

2. போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று உண்மையிலேயே தெரியுமா?

'கண்டுபிடித்துக் கொல்' என்ற வாக்கியத்தின் முதல் பாதியை எல்லோரும் சுலபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் கடினமான பாதி.

லினக்ஸில் சாதாரண பயனராக 'எஸ்எஸ்' கட்டளையை ஓட்டினால் போர்ட் தெரியும். அடுத்தவருடைய புராசஸின் பெயர் தெரியாது. அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து 'யாருமில்லை, ஏதோ தொங்கிக்கொண்டிருக்கிறது' என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. யாரோ இருக்கிறார், பார்க்கும் அனுமதி உங்களுக்கு இல்லை என்பதே அதன் பொருள். ரூட்டாகப் பார்த்தாலும் தெளிவு உறுதியில்லை. சாக்கெட் ஆக்டிவேஷனில் ஓடும் சர்வீஸ் என்றால் போர்ட்டை வைத்திருப்பது புராசஸ் எண் 1, அதாவது சிஸ்டம்டி. கன்டெய்னர் என்றால் பெரும்பாலும் டாக்கர்-பிராக்ஸி என்ற இடைத்தரகரின் பெயர்தான் வரும். உள்ளே ஓடும் புரோகிராம் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் இருக்கிறது. ஐபிவி4-ஐ மட்டும் தேடுகிறவர் கண்ணில் ஐபிவி6-இல் திறந்த சாக்கெட் படாது. ஆனால் ஐபிவி6-இன் பொது முகவரியில் திறந்த சாக்கெட், லினக்ஸின் இயல்பான அமைப்பில், ஐபிவி4 இணைப்புகளையும் வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் 80-ஐத் தேடினால் பல நேரங்களில் வருவது 'சிஸ்டம்', எண் 4. கெர்னலுக்குள் இருக்கும் ஹெச்டிடிபி டிரைவர் அது. அதைக் கொல்ல முடியாது. ஐஐஎஸ் போன்ற சர்வீஸ்கள் அதன் வழியாக ஒரே 80-ஐ முகவரி வாரியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஹைப்பர்-வி இருக்கும் விண்டோஸ் கணினிகளில் இன்னொரு வகையும் உண்டு. நெட்ஸ்டாட் பட்டியலில் அந்த எண்ணே இருக்காது, இருந்தும் திறக்க முடியாது. விண்டோஸ் அந்த எண் வரிசையையே ஒதுக்கி வைத்திருக்கும். 'நெட்ஷெல்' கட்டளையில் விலக்கப்பட்ட வரிசைகளைக் கேட்டால்தான் வெளியே வரும்.

பிடித்திருப்பவர் என்று யாருமே இல்லாத மோதலும் இருக்கிறது. டிசிபி இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ அந்தப் பக்கத்தில் 'டைம் வெய்ட்' என்ற நிலை சிறிது நேரம் தங்கும். லினக்ஸில் 60 விநாடி. பழைய பாக்கெட் ஏதாவது தாமதமாக வந்து புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. சர்வர் புரோகிராமைக் கொன்றால் அதன் திறந்த இணைப்புகளை மூடும் பக்கம் சர்வர்தான், ஆகவே இந்த நிலை சர்வரில்தான் தங்கும். 'ரீயூஸ் அட்ரஸ்' வைக்காத புரோகிராமை உடனே திரும்ப ஓட்டினால் அதே பிழை வருகிறது. இப்போது கொல்ல எந்தப் புராசஸும் இல்லை. மருந்தாகச் சொல்லப்பட்டதே இங்கே நோயை உண்டாக்குகிறது.

இன்னும் நுட்பமானது, வெளியே போகும் இணைப்பு போர்ட்டைப் பிடிப்பது. நம் சர்வரிலிருந்து ஏதோ ஒரு புரோகிராம் வெளியே உள்ள டேட்டாபேஸோடு பேசும்போது, கெர்னல் அதற்கு ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கிறது. லினக்ஸில் இயல்பாக 32768 முதல் 60999 வரை. உங்கள் சர்வீஸுக்கு 40000 என்று நீங்கள் எண் வைத்திருந்தால், அது நின்று எழும் இடைவெளியில் அந்த எண் யாரோ ஒருவருடைய வெளி இணைப்புக்குப் போய்விடலாம். கேட்கும் போர்ட்களின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 40000 காலியாகவே தெரியும். ஹடூப் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பழைய பதிப்புகளில் நேம்நோடின் வெப் பக்கத்துக்கு 50070, டேட்டாநோடுக்கு 50010 என்று தற்காலிக வரிசைக்குள்ளேயே எண்கள் இருந்தன. சர்வீஸ் சில நேரம் எழும், சில நேரம் எழாது. 2017 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் அவற்றை 9870, 9866 என்று வரிசைக்கு வெளியே கொண்டுபோனார்கள். அவர்கள் தேடியது கொல்ல வேண்டிய புராசஸை என்றால் இன்றும் தேடிக்கொண்டிருப்பார்கள். எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்டதால் விடை கிடைத்தது.

3. கொல்வது குறி தவறாத செயலா?

பல இடங்களில் மனப்பாடமாக ஓடும் கட்டளை இது: 'எல்எஸ்ஓஎஃப்'-இடம் போர்ட் எண்ணைக் கொடுத்து, வரும் புராசஸ் எண்களையெல்லாம் 'கில் மைனஸ் 9'-க்குத் தள்ளுவது. அந்தத் தேடல் குறிப்பிட்ட போர்ட்டில் கேட்டுக்கொண்டிருப்பவரை மட்டும் தருவதில்லை. இணைப்பின் இரு முனைகளில் எதிலாவது அந்த எண் இருந்தால் போதும், பட்டியலில் வந்துவிடும். 5432 என்று கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் மட்டும் வராது. போஸ்ட்கிரெஸோடு இணைந்திருக்கும் சம்பளப் பட்டியல் புரோகிராம், ரிப்போர்ட் எடுக்கும் ஸ்கிரிப்ட், வேறொரு கணினியின் 5432-ஓடு பேசிக்கொண்டிருக்கும் அடுத்த குழுவின் புராசஸ், எல்லாம் வரும். ரூட்டாக ஓட்டினால் எல்லாமே சாகும். கேட்கும் நிலையில் உள்ளதை மட்டும் காட்டச் சொல்லும் விருப்பம் அதே கட்டளையில் இருக்கிறது. மனப்பாட வரியில் அது இல்லை.

சாதாரண பயனர் அடுத்தவருடைய புராசஸைக் கொல்ல முடியாதே என்று கேட்கலாம். யூனிக்ஸ் அந்தப் பாதுகாப்பை அரை நூற்றாண்டாகக் கொடுத்துவருவது உண்மை. ஆனால் எத்தனையோ அலுவலகங்களில் எல்லோரும் ஒரே 'டிப்ளாய்' கணக்கில்தான் நுழைகிறார்கள். பாதுகாப்பைத் தாமே கழற்றிவிட்டு, பிறகு அதை நம்பிப் பேசுவது வாதம் ஆகாது.

அப்புறம் அந்த 9. அது சிக்கில் என்ற சிக்னல். வாங்கும் புரோகிராமுக்குக் கடைசியாக ஒரு வரி எழுதக்கூட அவகாசம் தராது. ரெடிஸ் சாதாரணமாக நிறுத்தப்பட்டால், சேமிப்பு அமைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், நினைவில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் வெளியேறும். 9 வாங்கினால் கடைசியாக எழுதிய பிறகு வந்ததெல்லாம் போகலாம். போஸ்ட்கிரெஸை இந்த சிக்னலால் நிறுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. பகிர்நினைவை விடுவிக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் போர்ட் காலியாகும் என்ற உத்தரவாதம் இல்லை. 'எப்போதும் மீண்டும் எழுப்பு' என்று சிஸ்டம்டியில் அமைத்த சர்வீஸ், இயல்பு அமைப்பில் 100 மில்லிவிநாடியில் திரும்ப எழுந்துவிடும். தாய் புராசஸ் செத்தாலும் அது பெற்ற குழந்தைப் புராசஸ் அதே சாக்கெட்டைக் கையில் வைத்திருக்கலாம். பைத்தானில் இந்தத் தொல்லை இருந்ததால்தான், 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து திறந்த சாக்கெட்டுகள் குழந்தைகளுக்குத் தானாகப் போகாதபடி மாற்றினார்கள்.

4. எண்ணை மாற்றினால் யாருக்கும் தொந்தரவில்லையா?

கொல்வதைவிட இது நாகரிகமான வழி என்று தோன்றும். அதனாலேயே இதன் விளைவுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டாம்கேட் ஒன்றே போதும். 8080-இல் ஒரு குழுவின் டாம்கேட் ஓடுகிறது. இன்னொரு குழு தன் நகலை 8081-க்கு மாற்றுகிறது. டாம்கேட்டுக்கு 8005 என்று இன்னொரு போர்ட் உண்டு, நிறுத்தும் கட்டளையை வாங்குவதற்கு. அதை மாற்ற மறந்தால் இரண்டாவது டாம்கேட் எழுந்த வேகத்தில் நின்றுவிடும். ஏதோ தொங்குகிறது என்று நினைத்து இரண்டாவது குழுக்காரர் தன் நிறுத்தும் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவார். அது 8005-க்குப் போய் 'நில்' என்கிறது. அங்கே கேட்டுக்கொண்டிருப்பது முதல் குழுவின் டாம்கேட். அது கீழ்ப்படிந்து நின்றுவிடும். இவர் தன் ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டினார், அவர்கள் யாரும் எதையும் தொடவில்லை. இரு குழுவும் நாள் முழுக்கத் தேடினாலும் இதன் காரணம் சுலபத்தில் பிடிபடாது.

இரண்டையும் ஒழுங்காக மாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பிரவுசர் குக்கிகள் போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. ஒரே சர்வர் பெயரில் 8080, 8081 இரண்டும் 'ஜேசெஷன்ஐடி' என்ற ஒரே பெயரில் குக்கி வைக்கின்றன. ஊழியர் ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார். மறுபக்கம், ஜாவாஸ்கிரிப்ட் அழைப்புகளுக்கான தோற்றுவாய் விதியில் போர்ட்டும் சேர்த்தி. எண் மாறினால் வேறு தளம் என்று பிரவுசர் கருதும், நேற்று வரை போன அழைப்பு இன்று மறுக்கப்படும். லாகின் முடிந்து திரும்பி வர வேண்டிய முகவரி வேறு இடத்தில் பதிவாகியிருந்தால் அதுவும் உடையும். ஃபயர்வாலில் பழைய எண்ணுக்குத்தான் வழி இருக்கும். 6000 என்ற வட்டமான எண்ணை எடுத்தவருக்கு சர்வர் ஓடும், க்ரோம் மட்டும் திறக்க மறுக்கும். எக்ஸ்11-க்கு உரிய அந்த எண் பிரவுசர்களின் தடைப் பட்டியலில் இருக்கிறது. டாக்கரில் அவசரமாகப் புதிய எண்ணைத் திறந்தவர், முகவரி குறிப்பிடாததால், எல்லா நெட்வொர்க்குகளுக்கும் திறந்துவிடுகிறார். யூஎஃப்டபிள்யூ விதிகள் அதைத் தடுப்பதும் இல்லை, டாக்கர் அவற்றைச் சுற்றிப் போய்விடுகிறது.

65,535 எண்கள் இருக்கின்றன என்ற வாதம் இங்கே உதவாது. ஒரு சர்வீஸின் எண்ணை அறிந்தவர்கள் பலர். அந்த எண் ஐந்தாறு கான்ஃபிக் கோப்புகளில், அடுத்த குழுவின் ஸ்கிரிப்ட்டில், யாரோ ஒருவரின் புக்மார்க்கில் இருக்கிறது. காலி எண் கிடைப்பது சுலபம், அத்தனை பேருக்கும் தெரியப்படுத்துவதுதான் வேலை.

5. ரீபூட் எதைத் தீர்க்கிறது?

எதையும் இல்லை. ஒரே எண்ணைக் கேட்கும் இரண்டு சர்வீஸ்கள் தானாக எழும்படி அமைந்திருந்தால், முந்துகிறவருக்குக் கிடைக்கும். சிஸ்டம்டி, வரிசை சொல்லப்படாத சர்வீஸ்களை ஒரே நேரத்தில் எழுப்பும். இன்று ஒருவர், அடுத்த மின்வெட்டுக்குப் பின் இன்னொருவர். எப்போதும் வந்த பிழை, எப்போதாவது வரும் பிழையாகிறது. பின்னதைப் பிடிப்பது பல மடங்கு கடினம்.

6. காலியான எண்ணை அடுத்து எடுப்பவர் யார்?

இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, என்னைப் பொறுத்தவரை மிகக் கவலைக்குரியது இதுதான். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 1024-க்குக் கீழே உள்ள எண்களுக்குத்தான் தனி அனுமதி வேண்டும். அதற்கு மேல் எந்தப் பயனரும் எந்த எண்ணிலும் உட்காரலாம். 8080-இல் இருந்த சர்வீஸைக் கொன்றதும் அங்கே வேறொரு புரோகிராம் எழுந்தால், பழைய சர்வீஸை நம்பிப் பேசிக்கொண்டிருந்த கிளையன்ட்கள் அதே எண்ணில் புதியவரிடம் பேசத் தொடங்குவார்கள். டிஎல்எஸ் இல்லாத உள் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டும் டோக்கனும் அவரிடம் போகும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, வந்த கோரிக்கையை முழுக்க லாகில் எழுதும் சோதனைப் புரோகிராம் ஒன்றே போதும்.

மாற்று என்ன என்ற கேள்வி நியாயமானது. பதில் புதிதல்ல. 1972 மே மாதம் ஆர்எஃப்சி 349-இல் ஜான் போஸ்டல் முன்வைத்த யோசனை, எண்களை ஒருவர் பொறுப்பேற்று வழங்க வேண்டும், வழங்கியதைப் பட்டியலாக வெளியிட வேண்டும் என்பது. ஆர்ப்பாநெட் சில பத்து கணினிகளோடு இருந்த காலம் அது. பின்னால் ஐயானா என்று வளர்ந்தது அந்தப் பதிவேடுதான். எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதிய டாட்டு யூலோனன், 1995 ஜூலையில், எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஐயானாவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு வாங்கினார். உலகத்துக்கே பொருந்திய முறை ஓர் அலுவலக சர்வருக்குப் பொருந்தாமல் போக வழியில்லை. நம் சர்வர்களில் போர்ட்கள் புறம்போக்கு நிலம் போல நடத்தப்படுகின்றன: முதலில் வேலி போட்டவருக்குச் சொந்தம், அடுத்த பலசாலி வரும்வரை. தேவைப்படுவது பட்டா.

செய்முறையில் அது பெரிய காரியமில்லை. எந்த எண் யாருக்கு என்று ஒரு பதிவேடு. குழுவுக்கு ஒரு வரிசை, உதாரணமாகக் கணக்குப் பிரிவுக்கு 8100 முதல் 8199. எல்லாம் 32768-க்குக் கீழே. தவிர்க்க முடியாமல் மேலே எடுத்த எண்ணை, தற்காலிக இணைப்புக்குத் தராதே என்று கெர்னலுக்கே சொல்லிவைக்கலாம். 2010-இலிருந்து லினக்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. சர்வீஸுக்கு ஒரு தனிக் கணக்கு, அப்போது போர்ட்டைப் பார்த்தாலே உரியவர் தெரிவார். வெளியே காட்டத் தேவையில்லாதவை 127.0.0.1-இல் மட்டும் திறக்கட்டும். வெப் சர்வீஸ்களுக்கு எண்ணே வேண்டாம். 1997-இல் வந்த முதல் ஹெச்டிடிபி 1.1 வரையறையிலிருந்தே ஒவ்வொரு கோரிக்கையும் எந்தத் தளப் பெயருக்கு என்று சொல்லியாக வேண்டும். முன்னால் ஓர் என்ஜின்எக்ஸ் இருந்தால் 443 ஒன்றே நூறு பெயர்களுக்குப் போதும். பின்னால் இருப்பவை யூனிக்ஸ் சாக்கெட்டில் பேசலாம். குக்கி குழப்பமும் அதோடு தீரும், பெயர்கள் வேறுவேறாகிவிடுவதால்.

அவசரத்தில் இதெல்லாம் ஆகுமா என்பார்கள். நள்ளிரவில் சர்வீஸ் நின்றால் பதிவேட்டில் பெயரைப் பார்த்து ஒரு போன் செய்ய எவ்வளவு நேரம்? உரியவர் கிடைக்காவிட்டால், புராசஸ் எண்ணைத் தேடாமல் சர்வீஸின் பெயரைச் சொல்லி 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுங்கள்; அது முதலில் முறையாக வெளியேறச் சொல்லும், திரும்ப எழுப்பவும் செய்யாது. செய்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். காலையில் உரியவர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரி.

கடைசி ஆட்சேபம், பதிவேடு எழுதப்படும், பிறகு யாரும் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது. மனிதர் கையை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும். பதிவேட்டுக் கோப்பை கிட்டில் வையுங்கள். தினமும் இரவு ரூட் உரிமையோடு 'எஸ்எஸ்' பட்டியலை எடுத்துக் கோப்போடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குழுக்களுக்கு அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று போதும், எந்த அட்மினும் ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். கோப்பில் இருந்து சர்வரில் இல்லாதது, நின்றுபோன சர்வீஸ். சர்வரில் இருந்து கோப்பில் இல்லாதது, யாரோ கேட்காமல் திறந்தது. இரண்டாவது வகைக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்து உரியவரைக் கேளுங்கள். யாரும் வராவிட்டால் நிறுத்துங்கள், ஆனால் அதன் கான்ஃபிக்கையும் டேட்டாவையும் அழிக்காமல். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலை ஏதாவது அதை நம்பியிருக்கலாம்.